காய்ச்சல் பரவும் காலத்தில் அரசாங்கத்திடம் கேட்பது எப்படி

அயனாவரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், மனு எழுதித் தருவது எல்லாம் உண்டு. கேரளாவில் நிபா என்று செய்தி வந்தாலே போதும், ஆதார் நகல் எடுக்க வந்தவர்கூட நின்றுவிடுவார். “அக்கா, மறுபடி ஆரம்பிச்சிடுச்சாமே. இவங்க எதையும் வெளியே சொல்ல மாட்டாங்க, பாருங்க.” நான் மறுத்துப் பேசுவதில்லை. 2020-லும் 2021-லும் கொரோனா காலத்தை இதே கடையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சந்தேகப்பட்டவர்கள் சில நேரம் சரியாகத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரியாததால் அந்தச் சந்தேகம் தெருவைத் தாண்டவில்லை. அடுத்த முறை வரும்போது என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த அளவு எழுதி வைக்கிறேன்.

அறிக்கையைக் கையில் எடுங்கள்

2020 மே மாதம் கடை திறக்க அனுமதித்ததும் நான் செய்த முதல் வேலை, சுகாதாரத் துறை தினமும் சாயங்காலம் வெளியிட்ட அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியது. எதிர்வீட்டுப் பால் அக்கா கேட்டதுதான் காரணம். “டிவியில ஒண்ணு சொல்றான், வாட்ஸ்அப்ல ஒண்ணு வருது. எதைம்மா நம்புறது?” அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஓரத்தில் மார்க்கரால் தமிழில் எழுதுவாள். தமிழ்நாட்டு மக்களின் உயிர் பற்றிய செய்தியைத் தமிழில் படிக்க என் மகளின் மார்க்கர் தேவைப்பட்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அந்தத் தாளில் நிறைய இருந்தது. அன்றைய தொற்று, எடுத்த சாம்பிள், வீடு திரும்பியவர்கள், இறந்தவர்கள், மாவட்டவாரிப் பட்டியல் என்று பல பக்கம். எல்லாரும் முதல் எண்ணை மட்டும் பார்த்தார்கள். அது ஏறினால் பயம், இறங்கினால் நிம்மதி. நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். தொற்று எண்ணை எடுத்தால் கையோடு எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்பதையும் எடுங்கள்.

கணக்கு சுலபம். ஒரு நாள் 1,000 பேரைப் பரிசோதித்து 100 பேருக்குத் தொற்று என்றால் நூற்றுக்குப் பத்து. மறுநாள் 500 பேரை மட்டும் பரிசோதித்து 80 பேருக்குத் தொற்று என்றால், எண் 100-லிருந்து 80-க்கு இறங்கியதுபோல் தெரியும். வகுத்துப் பாருங்கள், நூற்றுக்குப் பதினாறு. நோய் குறையவில்லை, தேடுவதுதான் குறைந்திருக்கிறது. கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு முன் இந்த விகிதம் 14 நாளாவது 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்னது. எங்கள் சுவரில் அந்த 5-ஐ மகள் சிவப்பில் எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தாள். லீவு நாளில் பரிசோதனை குறையும், அடுத்த நாள் எண்ணும் ஆடும். அதனால் ஒரு நாளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது இறப்புப் பட்டியல். இதை வாசிக்க மனசு கஷ்டமாக இருக்கும், ஆனால் வாசிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு இறப்பும் ஒரு பத்தி. பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், சர்க்கரையோ பிரஷரோ இருந்ததா, எந்தத் தேதியில் சேர்த்தார்கள், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு உயிர் போனது. நான் ஸ்கேல் வைத்து, இறந்த தேதிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போடுவேன். அன்றைய அறிக்கையில் இருக்கிற எல்லாரும் அன்றைக்கு இறந்தவர்கள் இல்லை என்பது அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தால் தானாகத் தெரியும். சிலர் நேற்று, சிலர் ஒரு வாரம் முன்பு. இந்த இடைவெளி கூடிக்கொண்டே போனால், ஆஸ்பத்திரிக்கும் துறைக்கும் நடுவில் தகவல் எங்கேயோ தேங்குகிறது என்று அர்த்தம். கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

தேங்கத்தான் செய்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பலர் மாநில அறிக்கையில் இல்லை என்று 2020 ஜூன் மாதமே செய்தி வந்தது. அரசு குழு அமைத்து இரண்டு கணக்கையும் ஒப்பிட்டது. ஜூலை 22 அன்று, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளைச் சேர்த்தார்கள். அன்று சாயங்காலம் தாளை ஒட்டும்போது என் கை நின்றுவிட்டது. எங்கள் தெருவில் “கணக்கைக் குறைச்சு காட்டறாங்க” என்று மாதக்கணக்கில் சொன்னவர்களை நானே அதட்டியிருக்கிறேன். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. அதே நேரம், அந்த 444 பேர் கணக்கில் வந்தது டீக்கடைப் பேச்சால் இல்லை. இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ சிலர் வரி வரியாகப் பார்த்ததால் வந்தது. நான் அதிலிருந்துதான் பாடம் படித்தேன்.

நிபாவுக்கு வாசிக்கும் முறை வேறு. அது கொரோனாபோல் ஊர் முழுக்க ஓடாது, ஆனால் பிடித்தவர்களில் பலரைக் கொண்டுபோய்விடும். 2018-ல் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் 17 பேர் போனார்கள். 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் 6 பேருக்கு வந்தது, 2 பேர் இறந்தார்கள். இதில் தொற்று எண்ணைவிட முக்கியம், நோயாளியோடு பழகியவர்கள் எத்தனை பேரைக் கண்டுபிடித்துக் கண்காணிக்கிறார்கள் என்பது. அந்தப் பட்டியல் நீண்டால் பயப்படாதீர்கள், தேடுகிறார்கள் என்று பொருள். ஒவ்வொருவரையும் 21 நாள் பார்ப்பார்கள். கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள் புதிதாக யாருக்கும் வரவில்லை என்றால்தான் முடிந்தது என்பார்கள். கேலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

வதந்தி வந்தால் ஆணை எண் கேளுங்கள்

“நாளையிலிருந்து தெருவுக்குத் தகரம் அடிச்சு ஒரு மாசம் மூடப் போறாங்க.” இப்படி ஒன்று வந்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அரசாணை எங்கே? தமிழ்நாட்டில் ஊரடங்கோ தளர்வோ எதுவானாலும் ஒரு தாள் இருக்கும். மேலே ‘அரசாணை (நிலை) எண்’, நாள், துறையின் பெயர். ஊரடங்கு ஆணைகள் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையிலிருந்து வந்தன. எண் இல்லாமல், தேதி இல்லாமல், ‘அரசு வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்’ என்று வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தேதி இருந்தாலும் வருடத்தைப் பாருங்கள். 2020 ஆணையை 2021-ல் சுற்ற விட்டவர்கள் இருந்தார்கள். என் கடைக்கே ஒருவர் அதை லேமினேட் செய்யக் கொண்டுவந்தார்.

இதையும் சொல்லியாக வேண்டும். ஆணை உண்மையாகவே இருந்து, அதுவே கூட்டத்தைக் கூட்டிய நாளும் உண்டு. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26-ஆம் தேதியிலிருந்து நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூட இருக்காது என்று அறிவித்தார்கள். 25-ஆம் தேதி ஊரே கடைவீதியில் நின்றது. கோயம்பேட்டில் எள் போட்டால் விழாத கூட்டம். அடுத்த சில நாளில் அந்தச் சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போனது, மே 5 அன்று மூடி, மொத்தக் காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். கூடிய மக்களைத் திட்டினார்கள் அப்போது. என் பார்வையில் தவறு அறிவித்த விதத்தில் இருந்தது. நான்கு நாள் குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்று ஒரு வரி தெளிவாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வீட்டில் இருந்திருப்பார்கள். ஆகவே அறிவிப்பு வந்தால் முதலில் விலக்குகளைப் படியுங்கள். பால், மருந்து, குடிநீர், ஆம்புலன்ஸ் இவை பெரும்பாலும் விலக்கில் இருக்கும். அது தெரிந்தால் கடைக்கு ஓடத் தோன்றாது.

போனில் பேசும்போது

மூச்சு வாங்கினால், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால், யாரிடமும் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 108. மருத்துவ ஆலோசனைக்கும் தகவலுக்கும் 104. சென்னையில் குப்பை, கிருமிநாசினி, காய்ச்சல் முகாம் போன்ற மாநகராட்சி விஷயத்துக்கு 1913. எங்கும் நடக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100.

போன் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மாடி வீட்டுப் பெரியவர் சாம்பிள் கொடுத்து நான்கு நாளாகியும் ரிசல்ட் வரவில்லை. இருமல் நிற்கவில்லை. அவர் மகன் தினமும் போன் போட்டுச் சத்தம் போட்டான். எதிர்முனையில் இருந்தது சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண். அவளும் அழும் நிலையில்தான் இருந்தாள். நான் அவனைக் கடைக்குக் கூப்பிட்டு, சாம்பிள் எடுத்த அன்று போனுக்கு வந்த மெசேஜைத் தேடச் சொன்னேன். எஸ்ஆர்எஃப் ஐடி என்று 13 இலக்க எண் ஒன்று இருக்கும், அந்தச் சாம்பிளின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. மெசேஜே இல்லை. முகாமில் கொடுத்த துண்டுச் சீட்டில் பார்த்தால், செல் நம்பரில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 0. ரிசல்ட் வேறு யாருடைய போனுக்கோ போயிருக்கிறது. மறுபடி 1913-க்குப் போன் போட்டு, பெயர், வயது, சாம்பிள் எடுத்த இடம், தேதி, சீட்டில் இருந்த எண் எல்லாம் நிதானமாகச் சொன்னோம். சாயங்காலம் ரிசல்ட் கிடைத்தது. பாசிட்டிவ். இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்து வந்தார்.

ஆகவே ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி: தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண், என்ன சொன்னார்கள். புகார் எண் கொடுக்காமல் வைக்க விடாதீர்கள். “எண் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்” என்று மரியாதையாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

மனு, தகவல் உரிமை

இது என் தொழில், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு மனுவில் ஒரு விஷயம். குப்பை, தண்ணீர், கொசு, ரேஷன், தடுப்பூசி எல்லாம் ஒரே தாளில் இருந்தால் படிப்பவர் எதற்குப் பதில் போடுவார்? அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு நடந்தது, பிறகு கோரிக்கை. ‘மக்கள் பீதியில் உள்ளனர்’, ‘அரசு மெத்தனம்’ என்று எழுதச் சொல்லி வருவார்கள். கோபம் நியாயமானது, ஆனால் அந்த வரிக்கு அதிகாரி செய்ய எதுவும் இல்லை. நான் மாற்றி எழுதுவது இப்படி இருக்கும்:

‘பொருள்: எங்கள் தெருவில் காய்ச்சல் முகாம் நடத்த வேண்டி. ஐயா, எங்கள் தெருவில் 62 வீடுகள் உள்ளன. கடந்த 10 நாட்களில் 9 வீடுகளில் காய்ச்சல் கண்டுள்ளது. வீட்டு எண்கள் இணைப்பில். கடைசியாக முகாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த வாரத்துக்குள் ஒரு முகாம் நடத்தவும், நடத்தும் தேதியை எழுத்துமூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.’

எண்ணிக்கை, தேதி, இடம், கேட்பது என்ன, எதற்குள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வீட்டில் வையுங்கள். போக முடியாத நாளென்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். அதைக் காரணத்தோடு முதல் வரியிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ‘ஏன் மறைத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘ஜூன் 1 முதல் 30 வரை எங்கள் வார்டில் பதிவான இறப்புகளின் எண்ணிக்கை, தேதிவாரியாக’ என்று கேளுங்கள். பதிவேட்டில் இருப்பதை அவர்கள் தந்தாக வேண்டும்.

பயத்தில் செய்யக்கூடாதவை

2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனபோது, கூட்டம் கூடி ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. எங்கள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை அந்த இடம். இறந்தவர் உடலிலிருந்து மண் வழியாக நோய் வரும் என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள் அவர்கள். ஊழியர்களை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கையை ஓங்காதீர்கள். வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்ட வருகிறவர், காய்ச்சல் கேட்டுக் கதவைத் தட்டுகிற பெண், ப்ளீச்சிங் பவுடர் தூவுகிறவர், இவர்கள் யாரும் முடிவெடுப்பவர்கள் இல்லை. பெரும்பாலும் நம்மைவிடக் குறைந்த சம்பளத்தில், நம்மைவிட அதிக ஆபத்தில் நிற்பவர்கள்.

இன்னொன்று ரெம்டெசிவிர், கொரோனா நோயாளிகளுக்குப் போட்ட ஊசி மருந்து. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் விற்கத் தொடங்கினார்கள். டாக்டர் சீட்டு, ஆர்டி-பிசிஆர் ரிசல்ட், சிடி ஸ்கேன், நோயாளியின் ஆதார், வாங்குபவரின் ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். என் மிஷின் சூடாகி நின்றது. நகலுக்குக் காசு வாங்க மனம் வராத நாட்கள் அவை. அந்த மருந்து உயிரைக் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அது மருந்து வாங்க வரிசையில் நின்றவர்களை எட்டவே இல்லை. விடிய விடிய ரோட்டில் நின்றார்கள். மே மாதம் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றி, சில நாளில் நேரடி விற்பனையையே நிறுத்தி, ஆஸ்பத்திரிகளே கேட்டு வாங்கும்படி செய்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. இனி ஒரு மருந்துக்கு வரிசை என்று கேள்விப்பட்டால், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் இங்கே என்ன கொடுப்பீர்கள்?

தாள்களைப் பத்திரமாக வையுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஃபைல் வேண்டும். பரிசோதனை ரிசல்ட், எஸ்ஆர்எஃப் மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்தது, சேர்க்கைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மனுக்களின் முத்திரை நகல். இறப்பு நேர்ந்தால், ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன், இறப்புக்கான மருத்துவக் காரணம் எழுதிய படிவம் 4-ன் நகல் கேளுங்கள். நாம் வாங்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, அந்தப் படிவத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் தாள் கேட்க யாருக்கும் வாய் வராது என்று தெரியும். கூட வந்த ஒருவரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் ஒப்படையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2021 கடைசியில் கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று வந்தது. எங்கள் கடையில் அந்த விண்ணப்பங்கள் போட்டோம். பாசிட்டிவ் ஆன 30 நாளுக்குள் இறந்தவர் என்றால், வீட்டிலேயே இறந்திருந்தாலும், கொரோனா இறப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. கணக்கில் விடுபட்டவர்களின் குடும்பத்தார் மாவட்டக் குழுவிடம் முறையிட முடிந்தது.

ஒரு நாள் இட்லிக் கடை போடும் ஓர் அம்மா வந்தார். 2021 மே மாதம் கணவரை இழந்தவர். தனியார் ஆஸ்பத்திரியில் ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அரசு வெப்சைட்டில் பெயர் இல்லை. மஞ்சப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பேரன் கிறுக்கிய தாள், ஸ்கேன் கவர். ஸ்கேன் கவருக்குள் நாலாக மடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த ஒரு தாள் இருந்தது. பாசிட்டிவ் ரிசல்ட். தேதி மே 6. இறந்தது மே 19. அவரே விரலை மடக்கி எண்ணினார், “பதிமூணு நாள்மா.” கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டி, மூன்று நகல் எடுத்து, மாவட்டக் குழுவுக்கு மனு டைப் செய்தேன். பொருள் என்ற இடத்தில் ‘என் கணவரின் இறப்பைக் கொரோனா இறப்பாகப் பதிவு செய்ய வேண்டி’ என்று அடித்ததும், அதை மட்டும் ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டார்.